சக்கரத்துக்குக் காலும் கையும் கொடுங்கள்: இஸ்ரோவின் நிலவுத் திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இஸ்ரோ தலைவர் அவர்களுக்கும், நிலவுத் திட்டங்களை வகுக்கும் பொறியாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

2023 ஆகஸ்ட் 27 அன்று, நிலவில் ஊர்ந்துகொண்டிருந்த பிரக்யான் ரோவருக்கு மூன்று மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் தென்பட்டது. நான்கு மீட்டர் அகலம். வந்த தடத்திலேயே திரும்பும்படி நீங்கள் கட்டளை அனுப்பினீர்கள், வண்டியும் பத்திரமாக வேறு பாதையில் போனது. அன்றைக்கு அதுதான் சரியான முடிவு. 26 கிலோ எடை, ஆறு சக்கரம், ஒரே ஒரு நிலவுப் பகல் (பூமிக் கணக்கில் சுமார் 14 நாள்) ஆயுள் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வண்டி அது. அந்த வரம்புக்குள் நூறு மீட்டருக்கு மேல் ஓடி, அங்கத்து மண்ணில் கந்தகம் இருப்பதை நேரிலேயே உறுதி செய்து, கொடுத்த வேலையை முழுசாக முடித்தது.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் இலக்கு வேறு. 2040-க்குள் இந்தியர் ஒருவர் நிலவில் கால் வைக்க வேண்டும். ஆள் போய்ச் சேருவதற்கு முன்பே அங்கே சாமான்கள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவற்றை லேண்டரின் மேலிருந்து இறக்க வேண்டும், சுமந்துபோய் உரிய இடத்தில் வைக்க வேண்டும், மண் தோண்ட வேண்டும், கேபிள் இழுத்துச் செருக வேண்டும். இத்தனையையும் செய்யப்போகிற வண்டி எது என்பதற்கு நம் திட்டங்களில் இன்னும் தெளிவான விடை இல்லை. சக்கரம், கால், கை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பல கால் வண்டிகளை உருவாக்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள், அதை எந்த ஒரு பயணத்தோடும் கட்டிப்போடாமல் தனித் திட்டமாக நடத்துங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். மூட்டும் பற்சக்கரமும் மோட்டாரும்தான் என் அன்றாடம். அந்த உரிமையில் பேசுகிறேன்.

இந்த யோசனையை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பிரையன் வில்காக்ஸ் தலைமையிலான குழு 2005-லேயே இப்படி ஒரு வண்டியைக் கட்டி ஓட்டிக் காட்டியது. அத்லீட் என்று பெயர். அறுகோண வடிவச் சட்டம், அதன் ஆறு மூலைகளிலும் ஆறு கால்கள், ஒவ்வொரு காலிலும் ஆறு மூட்டுகள், ஒவ்வொரு காலின் நுனியிலும் ஒரு சக்கரம். எடை சுமார் 850 கிலோ. தரை நன்றாக இருந்தால் உருண்டு போகும். மோசமானால் சக்கரங்களைப் பூட்டி, அவற்றையே பாதங்களாக ஊன்றி நடக்கும்.

அதன் கணக்கு எளிமையானது, ஆனால் ஆழமானது. சாதாரண ரோவருக்குச் சக்கரத்தை எப்படி அளவிடுவோம்? போகிற வழியில் வரக்கூடிய மிக மோசமான புழுதியை மனதில் வைத்து அளவிடுவோம். சக்கரம் பெரிதாகும், அதைச் சுழற்றும் மோட்டாரும் பெரிதாகும், வண்டி கனக்கும். ஆனால் சிக்கினால் நடந்து வெளியே வர வழி இருக்கிறது என்றால், வழக்கமான தரைக்கு ஏற்ற சக்கரமே போதும். கால்களால் கூடுகிற எடையில் ஒரு பங்கைச் சக்கரத்திலும் அதன் மோட்டாரிலும் மிச்சப்படுத்திவிடலாம். சேற்றில் புதைந்த மாட்டு வண்டிக்குத் தோள் கொடுக்க ஆள் இருப்பது போல, இந்த வண்டிக்கு அதன் கால்களே தோள் கொடுக்கும்.

தோள் கொடுக்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அதே ஆய்வகம் கண்ணெதிரே பார்த்தது. செவ்வாயில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஸ்பிரிட் ரோவர், 2009-இல் மேலோட்டுக்கு அடியில் ஒளிந்திருந்த மென்மணலில் சிக்கியது. ஏற்கெனவே ஒரு சக்கரம் செயலிழந்திருந்தது. பூமியில் மணல் தொட்டி அமைத்து, மாதிரி வண்டியை அதில் புதைத்து, மாதக்கணக்கில் வழி தேடினார்கள். வெளியே எடுக்க முடியவில்லை. குளிர்காலத்தில் சூரியத் தகடுகளை வெயில் பக்கம் சாய்த்து நிறுத்தவும் முடியவில்லை. 2010 மார்ச்சுக்குப் பிறகு அதனிடமிருந்து செய்தியே வரவில்லை. அந்த ரோவர் மணலோடு போராடிய அதே 2009-இல்தான் அதே வளாகத்தில் அத்லீட்டின் இரண்டாம் தலைமுறை எழுந்து நின்றது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனது கனக்கும்.

அந்த இரண்டாம் தலைமுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்குத் தேவையான பாடம் அதில்தான் அதிகம். நிலவுக்குத் திட்டமிட்ட அளவில் பாதியாக அதைக் கட்டினார்கள். பாதி அளவிலேயே முழு உயரம் நான்கு மீட்டருக்கு மேல். இந்த முறை ஆறு கால்களை ஒரே உடலில் வைக்காமல், மும்மூன்று கால் கொண்ட இரண்டு வண்டிகளாகப் பிரித்துவிட்டார்கள். சரக்கு ஏற்றிய மேடைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் போய்ப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு மேடையும் இரு வண்டிகளும் சேர்ந்து ஒரே ஆறுகால் வண்டி. போய்ச் சேரும் இடத்தில் மேடையை இறக்கி வைத்துவிட்டு இரண்டும் தனித்தனியே பிரிந்து அடுத்த வேலைக்குப் போய்விடும்.

ஏன் இந்த ஏற்பாடு? பெரிய லேண்டர்களில் எரிபொருள் தொட்டிகளும் எஞ்சினும் கீழே இருக்கும், சரக்கு மேலே இருக்கும். அன்றைக்கு அமெரிக்கா திட்டமிட்டிருந்த ஆல்டேர் லேண்டரில் சரக்குத் தளம் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே கிரேனும் கிடையாது, சுமை இறக்க ஆட்களும் கிடையாது. அப்பல்லோ 15 பயணத்தில், 1971-இல், லேண்டரின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த நிலவு ஜீப்பை விண்வெளி வீரர்கள் கயிற்றை இழுத்து இறக்கினார்கள். அந்த ஜீப்பின் எடை 210 கிலோதான். டன் கணக்கில் எடை வரும் வாழிடக் கூண்டை அப்படி இறக்க முடியாது. நீளமான கால்கள் உள்ள வண்டி என்றால் மேலிருந்து தானே கால் நீட்டி இறங்கும், சரக்கையும் சுமந்துகொண்டே இறங்கும். சந்திரயான்-3-இன் விக்ரம் லேண்டரிலிருந்த சாய்தளம் 26 கிலோ பிரக்யானுக்கு அழகாகப் போதுமானதாக இருந்தது. நாளை அனுப்பப்போகும் சரக்குக்கு அது போதாது.

இறக்கிய பிறகும் அந்தக் கால்கள் சும்மா இருக்கப்போவதில்லை. அத்லீட்டின் காலில் ஒரு கருவிப் பிடிப்பு இருந்தது. அதில் துளையிடும் கருவியையோ மண் அள்ளும் கரண்டியையோ பற்றும் கையையோ மாட்டலாம். அந்தக் கருவியைச் சுழற்றத் தனி மோட்டார் தேவையில்லை, சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரே அதையும் சுழற்றும். ஐந்து காலில் நின்றுகொண்டு ஆறாவதைக் கையாகப் பயன்படுத்தும் இந்த வசதி எனக்கு மிகவும் பிடித்தது. பூமியிலிருந்து ஒவ்வொரு கிலோவையும் பெரும் செலவில் தூக்கிக்கொண்டு போகிறோம். அப்படியிருக்க ஒரே மோட்டார் இரண்டு வேலை செய்வது எவ்வளவு பெரிய லாபம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலவு மண்ணையே சூடாக்கி இறுக்கி அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பும் முனையை இந்தக் காலின் நுனியில் மாட்டலாம் என்றுகூட அந்த ஆய்வகத்தில் வரைபடம் போட்டார்கள்.

இந்த வண்டி உருளும்போதும் கால்கள் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பது அவ்வளவாகப் பேசப்படாத விஷயம். மூட்டின் பற்சக்கரத் தொகுதிக்கு முன்னும் பின்னும் கோணத்தை அளந்து, இரண்டுக்கும் உள்ள நுண்ணிய வித்தியாசத்திலிருந்து அந்த மூட்டில் எவ்வளவு விசை இருக்கிறது என்று கணித்தார்கள். அதை வைத்து மேட்டில் ஏறும் காலை மடக்கி, குழியில் இறங்கும் காலை நீட்டி, ஆறு சக்கரங்களிலும் பாரம் ஒரே மாதிரி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். பாரம் சமமாக இருந்தால் எந்தச் சக்கரமும் தனியாகப் புதையாது. சரிவிலும் மேல்தளம் மட்டமாகவே இருக்கும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் மென்பொருளை நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் எழுதியது.

வாஷிங்டன் மாநிலத்தில் மோசஸ் லேக் மணல்மேடுகளிலும், அரிசோனாவின் எரிமலைக் குழம்புப் பாறைவெளியிலும் இதையெல்லாம் வெயிலிலும் புழுதியிலும் சோதித்தார்கள். வேலை செய்தது. அப்புறம் 2010-இல், அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் நிலவுத் திட்டம் கைவிடப்பட்டது. ஆல்டேர் லேண்டர் போனது, நிலவுத் தளம் போனது, அத்லீட் சுமக்க வேண்டிய சரக்கும் போனது. வண்டியில் குறை கண்டு யாரும் அதை நிறுத்தவில்லை. அது ஒரே ஒரு திட்டத்தை நம்பிப் பிறந்ததால், அந்தத் திட்டத்தோடு சேர்ந்து நின்றுபோனது. நீங்கள் இந்தப் பாதையில் இறங்கும்போது முதலில் தவிர்க்க வேண்டியது இதைத்தான்.

நம்மிடம் தொடக்கம் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பர் 30 அன்று பிஎஸ்எல்வி சி60 ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் பொருத்திச் சுற்றுப்பாதைக்கு அனுப்பினீர்களே, திருவனந்தபுரத்தில் உள்ள உங்கள் இனர்ஷியல் சிஸ்டம்ஸ் பிரிவு செய்த ஏழு மூட்டு ரோபோக் கை, அதை நான் பெருமையோடு பார்த்தேன். ஒரு முனையை ஊன்றி மறுமுனையை எடுத்து வைத்து, புழு போல இடம் மாறும்படி வடிவமைத்த கை அது. காலாகவும் பயன்படும் கை, கையாகவும் பயன்படும் கால். நான் கேட்கும் வண்டியின் விதை ஏற்கெனவே உங்கள் வீட்டிலேயே முளைத்திருக்கிறது. அடுத்து சந்திரயான்-4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம். அதில் நிலவு மண்ணை அள்ளி எடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கையின் மூட்டு, மோட்டார், பற்சக்கரம், பிரேக், கட்டுப்பாட்டு மின்னணு எல்லாவற்றையும் நாளை ஒரு காலில் அப்படியே கழற்றி மாட்டலாம் என்கிற வகையில் வடிவமைக்க முடியாதா? ஒரு பயணத்துக்காகச் செய்யும் கை அந்தப் பயணத்தோடு முடிந்துபோகாமல், ஒரு மூட்டுக் குடும்பத்தின் முதல் உறுப்பினராக இருக்கட்டும். இதற்குப் பெரிய கூடுதல் செலவு ஆகாது. முடிவெடுக்கும் நேரம்தான் முக்கியம், அந்த நேரம் இதுதான்.

சந்திரயான்-5 ஜப்பானோடு சேர்ந்த பயணம். லேண்டர் நம்முடையது, ரோவர் அவர்களுடையது. அதாவது பிரக்யானுக்குப் பிறகு நிலவில் ஓடப்போகும் அடுத்த பெரிய இந்திய வண்டிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அந்த இடைவெளியை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும், அவற்றில் நியாயமும் உண்டு. அத்லீட்டில் கால் மூட்டுகள் மட்டும் 36, சக்கரங்களைச் சேர்த்தால் 42 மோட்டார்கள். மோட்டார் கூடக் கூடப் பழுதாகும் வாய்ப்பும் கூடும். நிலவுத் தூசி கூர்மையானது, மின்னேற்றம் கொண்டு எதிலும் ஒட்டிக்கொள்வது, மூட்டின் தூசித் தடுப்பைத் தாண்டி உள்ளே புகுந்தால் உராய்ந்தே தேய்த்துவிடும். வெப்பநிலை இன்னும் கொடுமை. நிலவு மண்ணின் வெப்பநிலையை அளந்த சந்திரயான்-3-இன் சாஸ்டே கருவி, சில சென்டிமீட்டர் ஆழ வித்தியாசத்திலேயே அது ஐம்பது டிகிரிக்கும் மேல் மாறுவதை அளந்து சொன்னது. தென்முனையில் தாழ்ந்து அடிக்கும் வெயிலில், ஒரே காலின் மேல் மூட்டு கொதிக்கும், கீழ் மூட்டு பாறை நிழலில் உறையும். நிரந்தர நிழல் பள்ளங்களுக்குள் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே போகிறது. அந்தக் குளிரில் நாம் வழக்கமாக இடும் கிரீஸ் எதுவும் உதவாது.

கால் இருந்தால் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் எட்டுக்கால் ரோபோ டான்டே-2, 1994-இல் அலாஸ்காவின் ஸ்பர் எரிமலை வாய்க்குள் இறங்கி அருமையாக வேலை செய்தது. ஆனால் ஏறி வரும்போது செங்குத்தான ஈரச் சரிவில் கவிழ்ந்துவிட்டது. கடைசியில் ஹெலிகாப்டரை வைத்து மீட்டார்கள். நிலவில் ஹெலிகாப்டர் வராது. நடப்பது மெதுவானது, மின்சாரத்தையும் அதிகம் தின்னும். அதனால்தான் வெறும் கால் மட்டும் உள்ள வண்டியை நான் கேட்கவில்லை. பெரும்பாலான தூரத்தைச் சக்கரத்தில் கடந்துவிட்டு, வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் நடக்கும் வண்டிதான் பொருத்தம்.

மற்ற குறைகளுக்கும் மருந்து இருக்கிறது. ஆறு காலில் ஒன்று முடங்கினாலும் ஐந்தில் நகரலாம். மூட்டில் பிரேக் இருந்தால் மின்சாரம் செலவழிக்காமலே அந்த நிலையில் நிற்கலாம். குளிருக்கு, உலோகக் கண்ணாடி எனப்படும் படிகமில்லா உலோகக் கலவையில் பற்சக்கரம் செய்து, சூடாக்கும் கருவியும் ஈர மசகும் இல்லாமல் மைனஸ் 173 டிகிரியில் இயங்கும் ரோபோக் கையை அதே ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. நம் உலோகவியல் ஆய்வகங்களால் முடியாத வேலை இல்லை இது. நிலவின் தென்முனைக்கென நாசா கட்டிய வைப்பர் ரோவரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம்தான், ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தூக்கி இறக்கி, மென்மணலில் சக்கரங்களை நீந்துவது போல அசைத்து வெளியே வரும்படி கட்டினார்கள். முழுக் காலுக்கும் வெறும் சக்கரத்துக்கும் நடுவே இப்படிப் பல படிகள் உண்டு. முதல் படியிலேயே ஆறு கால் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் எங்கே சோதிப்பது? இடமும் மண்ணும் நம்மிடமே இருக்கின்றன. சந்திரயான் லேண்டரின் உணர்விகளைச் சோதிக்க, கர்நாடகத்தின் செல்லக்கெரேயில் செயற்கைப் பள்ளங்கள் வெட்டினீர்கள். நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் பாறையை அரைத்து நிலவு மேட்டுநில மண்ணுக்கு நிகரான மண்ணைத் தயாரித்தீர்கள், அதற்குக் காப்புரிமையும் வாங்கினீர்கள். இரண்டையும் ஓரிடத்தில் சேர்த்து, முப்பது டிகிரி சரிவுகளோடு ஒரு நிரந்தரச் சோதனைக் களத்தை அமையுங்கள். முப்பது டிகிரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 21 கிலோமீட்டர் அகலமும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட, நிலவின் தென்முனையில் உள்ள ஷேக்கிள்டன் பள்ளத்தின் உட்சுவர்கள் அந்த அளவு சாய்வானவை. உறைந்த நீரைத் தேடிப் போகிற எவரும் அப்படிப்பட்ட சுவர்களில்தான் இறங்கியாக வேண்டும்.

அந்தக் களத்தைப் பூட்டி வைக்காதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ஆண்டுக்குச் சில வாரங்களாவது பொறியியல் கல்லூரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் திறந்து விடுங்கள். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் மோட்டாரும் பம்பும் துல்லியப் பற்சக்கரமும் செய்யும் பட்டறைகள் எத்தனை! அவர்களிடம் கொடுத்தால் ஒரு மூட்டினை மலிவாகவும் உறுதியாகவும் செய்வது எப்படி என்று காட்டிவிடுவார்கள். ஆனால் அந்த மூட்டு எந்தப் புழுதியில் எத்தனை லட்சம் முறை அசைய வேண்டும், எவ்வளவு குளிரைத் தாங்க வேண்டும் என்கிற தேவைப் பட்டியலை நீங்கள்தான் வெளியிட வேண்டும். என் மாணவர்களுக்கு ஆறுகால் ரோபோ செய்யத் தெரியும். சமமான தரையில் அது நடந்தும் காட்டும். முப்பது டிகிரி சரிவில் நிலவு மண்ணுக்கு நிகரான மண்ணில் அது எப்படிச் சறுக்குகிறது என்பதைப் பார்க்கத்தான் அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. சோதனையில் கவிழ்ந்த வண்டிகள், உடைந்த மூட்டுகள் பற்றிய அளவீடுகளையும் பொதுவில் வையுங்கள். அத்லீட் குழுவினர் எழுதி வைத்த ஆய்வுக் கட்டுரைகளால்தான், அந்தத் திட்டம் நின்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் வகுப்பறையில் அதைப் பற்றிப் பாடம் நடத்த முடிகிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். முதல் பல கால் வண்டி பெரிதாக இருக்க வேண்டாம். பிரக்யான் அளவே போதும், நான்கு கால், நான்கு சக்கரம். வருகிற நிலவுப் பயணங்களில் எதில் இருபது, முப்பது கிலோ இடம் மிச்சம் இருக்கிறதோ அதில் ஏற்றி அனுப்புங்கள். அதற்கு அறிவியல் கருவி எதுவும் வேண்டாம், ஒரு கேமரா போதும். லேண்டரிலிருந்து சாய்தளம் இல்லாமல் தானே இறங்கட்டும். வேண்டுமென்றே மென்மணலில் போய்ச் சிக்கி, நடந்து வெளியே வரட்டும். ஒரு கல்லைத் தூக்கி இன்னொரு கல்லின் மேல் வைக்கட்டும். இந்த மூன்றையும் ஒரு நிலவுப் பகலுக்குள் செய்து முடித்தால், 2040-க்கான சரக்கு வண்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டலாம், எங்கே மூட்டு தேய்கிறது, எங்கே மின்சாரம் போதவில்லை என்பதெல்லாம் உங்கள் கையில் எண்களாக இருக்கும். இதற்கான தனி நிதியும், பயணங்கள் மாறினாலும் கலைக்கப்படாத ஒரு சிறு குழுவும் உண்டு என்று நீங்கள் அறிவிக்கும் நாளை எதிர்பார்க்கிறேன். அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் எங்கள் ஆய்வுக்கூடத்தையும் மாணவர்களையும் எந்த வேலைக்கு வேண்டுமானாலும் நீங்கள் அழைக்கலாம்.

மிகுந்த மரியாதையுடன்,
இயந்திரவியல் ஆசிரியர் ஒருவர்